பத்து நிமிட வேலை

செப்டம்பர் 16, செவ்வாய்

அவரைக் கொடியைப் பிடுங்கியாயிற்று. கடைசிப் பறிப்பில் ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. "இதுக்கா அஞ்சு மாசம் தோட்டத்துல குனிஞ்சு கிடந்தே?" என்றாள் க்வெண்டா. இருமல் இல்லாத நேரமெல்லாம் என் அக்காவுக்கு வாய்தான்.

இராத்திரி முழுக்க இருமினாள். காலையில்தான் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசல் மணி. நீலச் சட்டை போட்ட ஒருவன், கையில் கருவிப் பெட்டி. எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் சங்கம் அனுப்பியதாம், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைப் பார்க்க வேண்டுமாம். "பத்து நிமிஷ வேலைதான் சார்" என்றான். பத்து நிமிஷம் என்பார்கள், வீட்டையே புரட்டிப் போடுவார்கள். "பாய்லருக்கு ஒரு கேடும் இல்லே. நானே எலக்ட்ரீஷியன், முப்பத்தொரு வருஷம் உருக்காலையில வேலை பார்த்தவன். போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். சத்தத்தில் அவள் எழுந்திருக்கவில்லை. அது போதும்.

செப்டம்பர் 29, திங்கள்

டாக்டரிடம் போய் வந்தோம். போன பிப்ரவரியில் வந்த நிமோனியா அவள் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டதாம். எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். எனக்கு மேகம் போலத்தான் தெரிந்தது. "குளிர்காலத்துல இவங்க இருக்கற அறை இருபத்தோரு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. இன்னொரு நிமோனியாவை இந்த நெஞ்சு தாங்காது" என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்தாள். "எம்லின், என்ன ஆனாலும் என்னை அந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பாதடா. மூணு வாரம் அந்தக் கட்டில்ல கிடந்தது போதும்." சரி என்றேன். "சரின்னு சொன்னா போதாது, சத்தியம்னு சொல்லு." சொன்னேன். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவள் பெயருக்கு ஒரு கடிதம், சங்கத்திலிருந்து. அவளுக்குக் கண்ணில் புரை, எழுத்து தெரியாது. படித்துக் காட்டவா என்றேன். "என்ன இருக்கப்போகுது, குடியிருக்கறவங்க கூட்டம், டீயும் பிஸ்கட்டும் உண்டுன்னு எழுதியிருப்பான். ரொட்டிப் பெட்டிக்குப் பின்னாடி வை, அப்புறம் பார்க்கலாம்." வைத்தேன். அவளாகச் சொல்லாமல் நான் பிரிப்பதில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினோம். கதவிடுக்கில் ஒரு அட்டை: வந்தோம், நீங்கள் இல்லை. யார் வந்தார்களோ. பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று குளிர்காலத்துக்காக ஊரே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். அதோடு ஹீட்டிங் போடும் நாளும். இந்தத் தெருவில் யாரும் இதற்கு முன்னால் போட மாட்டார்கள். பத்து நாளாகவே நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். க்வெண்டா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "கடிகாரம் திரும்பாம ஹீட்டிங் போட்டா ஐவோர் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவான்" என்றாள். ஐவோர் அவள் புருஷன். அவன் போன பிறகுதான் நான் இரண்டு சூட்கேஸோடு இங்கே வந்து சேர்ந்தேன். கல்யாணம் ஆகாதவனுக்குச் சாமான் அவ்வளவுதான்.

வீட்டில் உள்ள ஏழு கடிகாரங்களையும் திருப்பிவிட்டுக் கடைசியாக டைமர். சமையலறைச் சுவரில், பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பெட்டி. பாய்லர் எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று சொல்வது அதுதான். போன வருஷம் சங்கத்து ஆட்கள் பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள். காலை ஆறு முதல் பத்து, மாலை நான்கு முதல் பத்து என்று வைத்தேன். கால் மணியில் வெந்நீர் ஏறிச் சுவரோர ரேடியேட்டர் சுட்டது. க்வெண்டா அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, "வந்துட்டியாடா என் ராஜா" என்றாள். என்னிடம் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மதியம் கதவைத் தட்டினான் ஒருவன். வீடு வீடாக வந்து ஜன்னல் விற்கிற கோஷ்டி என்று நினைத்து டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். அவனும் விடவில்லை, மூன்று தடவை தட்டினான். க்வெண்டா தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், இருமல் வேறு முட்டுகிறது. அவன் போன பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

நவம்பர் 4, செவ்வாய்

சரியாகப் பத்து மணிக்கு டைமர் கத்துகிறது. நேற்றும் கத்தியது. திரையின் மூலையில் குட்டியாக ஒரு ஸ்பேனர் படம் எரிகிறது. பக்கத்து வீட்டு டிலிஸ் பால் வாங்கிக்கொண்டு வந்தவள் பார்த்துவிட்டு, "அது என்ன எம்லின், ஸ்பேனர் மாதிரி?" என்றாள். "ரிப்பேர் பண்ணுன்னு சொல்லுது. அதான் நான் இருக்கேனே" என்றேன்.

சத்தம் வரும் ஓட்டையின்மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டினேன். இப்போது தொண்டை அடைத்தவன் போல் முனகுகிறது. க்வெண்டாவுக்குத் தொந்தரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் ஆறுக்கு எரிந்த பாய்லர் எட்டுக்கே அணைந்துவிட்டது. மாலையிலும் அப்படியே, இரண்டு மணி நேரம்தான். நேரம் வைத்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பேட்டரியை மாற்றினேன்.

நவம்பர் 19, புதன்

பேட்டரி இல்லை. ஊசியை விட்டு அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று ஒரு பொட்டு ஓட்டை இருக்கிறது, அதையும் அழுத்திப் பார்த்தேன். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போயிற்று. ஸ்பேனர் போகவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இப்போது ஒரு மணி நேரம்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

முறையாகச் செய்வோம். உருக்காலையில் எத்தனை பெரிய இயந்திரம் நின்றிருக்கிறது, எல்லாவற்றையும் இப்படித்தான் பிடித்தோம். எரிந்த நேரம், அணைந்த நேரம், அறையின் சூடு என்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் சங்கத்துக் கடித உறைகள் மூன்று சேர்ந்துவிட்டன. தடித்த பழுப்புக் காகிதம், பென்சில் நன்றாக ஓடுகிறது. ஓர் உறையின் பின்னால் கட்டம். இன்னொன்றில் கம்பிகளின் படம்.

க்வெண்டா: "என்னடா எழுதறே, பரீட்சையா?"

"பெட்டியோட குணத்தைக் கண்டுபிடிக்கறேன்."

"குணம் என்ன, உன்னை மாதிரிதான். பிடிவாதம்."

டிசம்பர் 1, திங்கள்

பாய்லரில் பழுதில்லை. எரியும்போது ஜோராக எரிகிறது. பம்பு ஓடுகிறது. சுவரில் இருக்கும் சூடு பார்க்கும் கருவியும் சரி. ஆகக் குற்றவாளி அந்தப் பெட்டிதான். திறந்து பார்க்கலாம் என்றால் திருகாணிகளுக்குத் தலையில் கோடே இல்லை, வழுவழுவென்று இருக்கின்றன. யாரும் திறக்கக் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். எனக்கு இப்போதுதான் ரோஷம் வந்திருக்கிறது.

"சங்கத்துக்கு ஒரு போன் பண்ணித் தொலையேண்டா" என்றாள் க்வெண்டா.

"பண்ணினா பாட்டுப் போடுவான், ஒரு மணி நேரம் கேட்டுக்கிட்டு நிக்கணும். அப்புறம் பதினஞ்சு நாள் கழிச்சு எவனாவது வருவான். வந்து பெட்டியை முழிச்சு முழிச்சுப் பார்ப்பான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ சாக மாட்டே. நான்தான் விறைச்சு சாகப் போறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிசம்பர் 6, சனி

பனி. மலை முழுக்க வெள்ளை. வரவேற்பறையில் பதினைந்து டிகிரி. டிலிஸ் ஒரு மின்சார ஹீட்டர் கொண்டுவந்து கொடுத்தாள். அரை மணி ஓடினால் தூசி கருகுகிற நாற்றம், க்வெண்டா தொடர்ந்து இருமுகிறாள். அணைத்தால் குளிர். போட்டு அணைத்து, போட்டு அணைத்து, இதே வேலையாக இருக்கிறது.

ஆட்டிறைச்சிக் கஞ்சி காய்ச்சினேன், லீக் வெங்காயத் தண்டு நிறையப் போட்டு. அரைக் கிண்ணம் குடித்தாள். "உப்பு போட்டியா, இல்லே அதுக்கும் கட்டம் போட்டு ஆராய்ச்சி பண்றியா?" இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். அவளுக்குப் பிடிக்காதது என் சமையல் மட்டும்தான்.

டிசம்பர் 8, திங்கள்

ஒரு நாளைக்கே ஒரு மணி நேரம்.

டிசம்பர் 9, செவ்வாய்

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருகாணிகளைத் துளைத்து எடுக்க முயன்றேன். பெட்டியை ஓரம் கட்டிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிட்டால் பாய்லர் பாட்டுக்கு எரியும். சின்ன வேலை. மூன்று திருகாணி வந்துவிட்டது. நான்காவதில் துளைப்பான் வழுக்கியது. கை நடுங்குகிறது இப்போதெல்லாம், யாரிடமும் சொன்னதில்லை. வழுக்கியது எதிலும் படவில்லை என்றுதான் நினைத்தேன். கம்பியை இணைத்து மின்சாரத்தைப் போட்டேன். டப் என்று ஒரே சத்தம்.

பாய்லரே போய்விட்டது. அந்த ஒரு மணி நேரமும் போயிற்று.

க்வெண்டா உள்ளேயிருந்து, "என்னடா சத்தம்?" என்றாள். தட்டு விழுந்தது என்றேன்.

டிசம்பர் 10, புதன்

பதினொரு டிகிரி. சுடுதண்ணீர்ப் பைகள் நான்கு. டிலிஸின் ஹீட்டரைப் போட்டால் இருமலில் மூச்சே அடைக்கிறது. அவள் கோட்டையும் போட்டுக்கொண்டு குல்லாயோடு படுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் வேறு வழி செய்துவிடுவேன் என்றேன். "செய்வே, செய்வே" என்றாள். பேச்சு குழறுகிறது. மூச்சு வாங்குவதால் என்று நினைத்துக்கொண்டேன். (மறுநாள் சேர்த்தது: குளிரால் என்று ஏன் தோன்றவில்லை?)

டிசம்பர் 11, வியாழன்

காலையில் உதடு நீலமாக இருந்தது. என்னை ஐவோர் என்று கூப்பிட்டாள். நான் கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தேன். அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன், அனுப்பாவிட்டால்... டிலிஸ்தான் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "சத்தியமாவது மண்ணாவது! நகரு எம்லின்!" அவள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

வாசலில் தூக்கிக்கொண்டு போகும்போது க்வெண்டாவின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. ஆம்புலன்ஸ்காரர் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

டிசம்பர் 12, வெள்ளி

சங்கத்துக்குப் போன் பண்ணினேன். பாட்டுக் கேட்டேன். நாற்பது நிமிஷம்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஓட்டைப் பெட்டியை மாட்டிவிட்டு ஒரு கிழவியைச் சாகடிக்கப் பார்க்கிறீர்களா என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்த டைமர் பழுதாகலை. உங்க வீட்டுல வருஷாந்தர கேஸ் சோதனை நடக்கலை. தேதி தாண்டினா அது முதல்ல கத்தும், அப்புறம் ஹீட்டிங் நேரத்தைத் தானா குறைச்சுக்கிட்டே வரும். நீங்க எங்களைக் கூப்பிடணும்னுதான் அப்படி வெச்சிருக்கு. சோதனை முடிஞ்சதும் ஒரு நம்பரை அழுத்தினா சரியாயிடும். எங்க ஆள் மூணு தடவை வந்திருக்கார். மூணு கடிதமும் போட்டிருக்கோம்" என்றாள்.

யாரும் வரவில்லை என்றேன். அடித்துச் சொன்னேன். "அக்டோபர் ஒன்பது, வீட்டில ஆள் இல்லை. அக்டோபர் முப்பது, கதவு திறக்கலை. முதல் தடவை செப்டம்பர் பதினாறு. ‘வீட்டிலிருந்த ஆண் அனுமதிக்க மறுத்தார்’னு பதிவாகியிருக்கு சார்."

பொய் என்றேன். நான் தினமும் டைரி எழுதுகிறவன், எந்த நாளில் யார் வந்தார்கள் என்று தேதியோடு காட்டுகிறேன், இருங்கள் என்றேன். போனை அணைக்காமல் கீழே வைத்துவிட்டு இந்த நோட்டைத்தான் எடுத்து வந்தேன். அவள் பொய்யை அவளுக்கே வாசித்துக் காட்டுவதற்கு.

செப்டம்பர் 16, செவ்வாய். அவரைக் கொடியைப் பிடுங்கியாயிற்று...

என் கையெழுத்து. என் பேனா. முப்பத்தொரு வருஷம் உருக்காலையில — ஐயோ. போயிட்டு வாப்பான்னு அனுப்பினேனே. நானே அனுப்பினேனே. போனில் அந்தப் பெண், "சார்? சார், இருக்கீங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மூன்று உறைகளையும் பிரித்தேன். அடுத்தவர் கடிதம்! மூன்றிலும் சோதனைக்கு ஆள் வருவதாக ஒரே வாசகம், மூன்றாவதில் மட்டும் கூடுதலாகத் தடித்த எழுத்தில்: உங்கள் ஹீட்டிங் நேரம் குறைவது பழுது அல்ல. உடனே எங்களை அழையுங்கள். நான் வெளியே கட்டம் போட்ட பென்சில் அழுத்தம் உள்ளே இருந்த தாளிலும் பதிந்திருந்தது. பழுது அல்ல என்ற வரிக்கு மேலேயே என் கம்பிகளின் படம்.

நான் அதன் முதுகில்தான் இரண்டு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

சங்கத்திலிருந்து நெரிஸ் என்று ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். துளைத்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கருவிகளை எடுத்து வைத்தாள். பாய்லருக்குப் புது மின்சுற்றுப் பலகை, சுவருக்குப் புது டைமர், மதியம் வரை வேலை. கடைசியில் சோதனை செய்துவிட்டு நான்கு எண்களை அழுத்தினாள். திரையில் ஸ்பேனர் இல்லை.

"நேரத்துக்கு வந்திருந்தா எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"சோதனை மட்டும்தானே? பத்து நிமிஷம் சார்."

சாயங்காலம் வீடு முழுக்கச் சூடு. இருபத்தோரு டிகிரி. கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அணைக்கவும் மனம் வரவில்லை, இருக்கவும் முடியவில்லை. டிலிஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

டிசம்பர் 17, புதன்

மதியம் இரண்டு மணிக்கு உள்ளே விட்டார்கள். அதே வார்டு. மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மூடி. கண் மட்டும் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

மூடியை விலக்கிவிட்டு அவள்தான் முதலில் கேட்டாள். "பொட்டி ஓடுதா?"

"ஓடுது."

"இருபத்தொண்ணா?"

"இருபத்தொண்ணு."

நர்ஸ் மூடியைச் சரிசெய்ய வந்தாள். க்வெண்டா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என் தம்பி. அவனே ரிப்பேர் பண்ணிட்டான் பாரு. யாரையும் கூப்பிடலை. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், எதைக் குடுத்தாலும் பிரிச்சு மாட்டிடுவான்." நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கென்ன, குடுத்து வெச்சவங்க" என்றாள் அவளிடம்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்! வாயில் என்ன அடைத்திருந்தது? நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். திட்டுவாள். திட்டட்டும்.

டிசம்பர் 18, வியாழன்

தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

காலை ஏழு பத்துக்கு. உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், நான் பஸ்ஸில் இருந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

எல்லாம் முடிந்தது. ஐவோர் பக்கத்திலேயே. நல்ல கூட்டம், அவளிடம் சாப்பிட்ட பிள்ளைகள் இப்போது தலை நரைத்தவர்களாக வந்து நின்றார்கள். டிலிஸ் கேக்குகள் சுட்டுக் கொண்டுவந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன், சமையலறையில் வைத்து. செப்டம்பர் பதினாறு, உறைகள், துளைப்பான், எல்லாம். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்குக் கதவைத் தட்டினப்போ அவளும்தானே உன்கூட சிரிச்சா" என்றாள்.

அது அவளைச் சேராது. முதல் நாள் நான் கதவைத் திறந்திருந்தால் மற்றதெல்லாம் எதற்கு?

பெட்டி காலை ஆறுக்கு எரிகிறது, பத்துக்கு அணைகிறது. ஒரு நிமிஷம் பிசகவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

அவள் பெயருக்குக் கடிதம். பெயரை மாற்றுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று, இன்னும் மாற்றவில்லை. வாசலிலேயே நின்று பிரித்தேன். பதினைந்தாம் தேதி சோதனை, காலை எட்டிலிருந்து ஒன்றுக்குள்.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஏழு மணிக்கே கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். பாய்லருக்கு முன்னால் இருந்த துடைப்பம், வாளி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்தேன். டீக்குத் தண்ணீர் வைத்தேன், ஆறியது, மறுபடி வைத்தேன்.

நெரிஸ்தான் வந்தாள். டீ வேண்டாம் என்றாள், இன்னும் ஏழு வீடு இருக்கிறதாம். காலணிமேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரவேற்பறை வழியாகத்தான் சமையலறைக்குப் போனாள், க்வெண்டாவின் நாற்காலியைத் தாண்டி. பாய்லர் மூடியைக் கழற்றிப் பார்த்து, ஏதோ அளந்து, எழுதி, நான்கு எண்களை அழுத்தினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்."

ஒன்பது நாற்பதுக்கு வந்தாள், ஒன்பது ஐம்பத்திரண்டுக்குப் போனாள். கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். துளி சத்தம் இல்லை. க்வெண்டா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தால்கூட விழித்திருக்க மாட்டாள்.